கொசுறு

என் வீட்டு மாடியைப் பார்க்க வந்த அன்றே அந்தப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் என்னைக் கவிழ்த்துவிட்டார்கள். நான் சொன்ன வாடகை ஒன்று, அவர்கள் கொடுக்க ஆரம்பித்தது வேறொன்று. போதாக்குறைக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு தண்ணீர்க் குழாயும் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். ஏன் போட்டுக் கொடுத்தேன் என்பது வெகுநாள் எனக்கே விளங்கவில்லை.

நடந்தது இதுதான். அவர் டாக்சி டிரைவர். மாடி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "காத்து எப்படி வருது பாரும்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். கூட வந்த அவர் பெண்டாட்டியை நான் அக்கா என்றுதான் சொல்வேன், அவள் துணி ஆல்டரேஷன் செய்பவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குவது எல்லாம் அவள் வேலை. அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள், கடைசியில் படியைப் பார்த்தாள். "வேணாங்க. படி செங்குத்தா இருக்கு. துணி மூட்டையத் தூக்கிட்டு என்னால ஏற முடியாது" என்றாள். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. அந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அதற்குள் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை.

"கூப்பிடுங்க அவங்கள. பேசிக்கலாம்" என்றேன்.

"வாம்மா, ஓனர் கூப்பிடுறாரு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."

வாடகை இறங்கியது. எல்லாம் பேசி முடித்த பிறகு, "சரி, கொசுறா என்ன தர்றீங்க?" என்றாள் அக்கா. காய்கறி வாங்கினால் கடைக்காரர் கடைசியில் ஒரு தக்காளியைக் கூடப் போடுவாரே, அதைப்போல வீட்டுக்கும் கொசுறு கேட்ட ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். குழாய் வந்த கதை அதுதான். அவர்கள் தெரு முனை திரும்பியதும் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. பைத்தியக்காரன் நான், நல்ல குடும்பம், சந்தோஷமாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே எனக்கு ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு மாடியில் நடப்பது தெரியாமல் போகாது. படியேறும்போது அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டே கொஞ்ச நாளில் அவர்கள் தொழில் ரகசியம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆசைப்படுவது அவர் பங்கு. வேண்டாம் என்பது அக்கா பங்கு. பிரிட்ஜ் வாங்கினாலும் சரி, கட்டில் வாங்கினாலும் சரி, இந்த நாடகம்தான். அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள், செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நிற்பாள். இவர் கடைக்காரர் எதிரே அந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு மனிதனின் முகத்தை எந்தக் கடைக்காரராலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விலை இறங்கும். அவர் கூப்பிடுவார், அவள் திரும்பி வருவாள், கொசுறு கேட்பாள். வீட்டுக்குத் திரும்பும்போது, "இன்னைக்குக் கொஞ்சம் ஓவராத்தான் நடிச்சுட்ட" என்று அவர் சொல்ல, "உங்க மூஞ்சிய விடவா?" என்று அவள் கேட்க, சிரித்துக்கொண்டே படியேறுவார்கள். அவர்களுக்கு மிச்சமான பணத்தைவிட அந்தச் சிரிப்புதான் பெரிது என்று எனக்குத் தோன்றும்.

போன மழைக்காலத்தில் அவர் வண்டி கம்பத்தில் மோதியது.

அவர் பெரும்பாலும் ராத்திரி சவாரிதான் ஓட்டுவார். விமானத்துக்குப் போகிறவர்களும் ரயிலுக்குப் போகிறவர்களும் ராத்திரியில்தான் நல்ல காசு கொடுப்பார்கள். அன்று விடியற்காலையில் கடைசி ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மோதிவிட்டது. நல்லவேளை, வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை, ரோட்டிலும் யாரும் இல்லை. புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் அப்போதுதான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே ஆச்சு?"

"நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சு ஓனரே. கறுப்பு நாய். இருட்டுல தெரியல."

அக்கா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. வந்து அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் மெக்கானிக் வந்து, வண்டி இனி உதவாது, பார்ட்ஸாகத்தான் விற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு பிளாஸ்டிக் பையை அக்காவிடம் கொடுத்தார். அதில் அக்கா புருஷனுடைய செருப்பு இருந்தது. "பெடலுக்குப் பக்கத்துல ஜோடியா கெடந்துச்சும்மா" என்றார். அக்கா வாங்கிக் கழுவிக் காயவைத்தாள்.

அதன்பிறகு இரண்டு மாதம் அவர் வீட்டில்தான் இருந்தார். முதலில் பாவமாக இருந்தது. படியில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளின் குறைகளையெல்லாம் எனக்குச் சொல்வார். பிறகு அக்கா அவர் கையில் தையல் பிரிக்கிற சின்ன ஊசியைக் கொடுத்துவிட்டாள். அவள் மிஷினில் உட்கார்ந்திருப்பாள், இவர் கீழே உட்கார்ந்து பழைய பேன்ட்களின் இடுப்பைப் பிரித்து நூலை இழுத்துக்கொண்டிருப்பார். பழைய ஜிப்பை எடுத்துவிட்டு, ஜிப் பல்லில் நூல் மிச்சம் இல்லாமல் சுத்தம் செய்து வைப்பார். "இந்த ஆளு இடுப்ப மூணு தடவ பிரிச்சாச்சு, இனிமே பிரிக்கத் துணி கெடையாது, வாயைக் கட்டச் சொல்லு" என்று சத்தமாகச் சொல்வார். அவள் சிரிக்கிற சத்தம் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். இத்தனை வருஷமாக அவள் சாப்பிடத் தட்டை எடுத்து வைக்கிற நேரத்தில்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார். அந்த இரண்டு மாதம் அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் அவர் முகத்தில் தெளிவு இல்லை. ஓட்டிப் பழகிய கால் சும்மா இருக்காது. வங்கியில் கடனுக்குப் பேசிவிட்டு வந்து, புது வண்டி வாங்கப் போகிறேன் என்றார்.

"வண்டி வேணாங்க" என்றாள் அக்கா.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கிட்டயே ஒத்திகையா? மிச்சம் வைம்மா, ஷோரூமுக்கு வேணும்."

"நெசமாத்தான் சொல்றேன். வேணாம்."

"இதே கொரல்ல சொல்லு அங்கயும். இருபதாயிரம் கொறைப்பான்."

இதை அக்காவே ஒருநாள் தையல் பில்லை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது என்னிடம் சொன்னாள். "எத்தன கடையில வேணாம்னு சொல்லியிருக்கேன். அத்தனையும் பொய். இன்னைக்கு எனக்கு நெசமா வேணாம், அதைச் சொல்ல வேற வார்த்தை இல்ல பாருங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாய் விஷயத்தையும் அன்றுதான் சொன்னாள். முதலில் கறுப்பு நாய். மாமியார் வீட்டில் சொல்லும்போது அது செவலை நாயாகிவிட்டது. கட்டிக்கொடுத்த மகள் போனில் கேட்டபோது நாய்க்குக் கழுத்தில் பட்டை வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு பேருக்குச் சொன்னா குட்டி போட்டுரும்" என்றாள். அவர் ஓட்டும்போதே தூங்கிவிட்டார் என்பது, ஆட்டோவில் வந்து இறங்கிய முகத்தைப் பார்த்த முதல் நாளே அவளுக்குத் தெரியும். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தாள். புது வண்டி வந்தால் தவணை வரும், தவணை வந்தால் ராத்திரி சவாரி வரும், ராத்திரி சவாரி வந்தால் மறுபடியும் அந்த நாய் வரும். அவள் பயம் அவ்வளவுதான்.

வண்டி பார்க்கப் போன கதையை இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரே வண்டியை விற்கிற இரண்டு ஷோரூம்கள், நடுவே ஒரு பஸ் ஸ்டாப். முதல் ஷோரூமில் இருந்தவர் எதற்கும் அசையாத ஆள். "எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான் சார்" என்று ஒரு பேப்பரில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நம்மவர் தன் முகத்தைக் காட்டிப் பார்த்தும் பலிக்கவில்லை. "மூஞ்சியப் பாத்தாத்தானே!" என்று அவர் பிற்பாடு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு இரண்டாவது ஷோரூமுக்குப் போனார்கள்.

மாதக் கடைசி. வேண்டுமென்றேதான் அந்த நாளில் போனார். மாதக் கணக்கை முடிக்க ஒரு வண்டி குறைந்தாலும் சேல்ஸ் ஆட்களுக்குத் தூக்கம் வராது என்பது அவருக்குத் தெரியும். இங்கே இருந்தவர் டை கட்டியவர், காலர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே நுழையும்போதே, காலருக்கு அரை விரல் துணி விட்டால் இந்தத் தம்பி நிம்மதியாக மூச்சு விடுவான் என்று நினைத்தாளாம். தொழில் புத்தி.

கண்ணாடிக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. அவர் கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டார். சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். இரண்டு மாதம் கழித்துப் பிடிக்கிறார். அப்போது அவர் முகத்தில் வந்தது நடிப்பு இல்லை என்று அக்கா சொன்னாள்.

"மாசத் தவணைய அப்புறம் சொல்லுங்க தம்பி" என்று அவர் ஆரம்பித்தார். "எல்லாம் சேத்து வண்டி ரோட்டுல எறங்க எவ்வளவு, அந்த ஒரு நம்பர் சொல்லுங்க."

டை தம்பி சொன்னார். இவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். இன்சூரன்ஸை வெளியே போட்டுக்கொள்வதாகச் சொன்னதும் கொஞ்சம் இறங்கியது. இந்த வண்டி போன வருஷம் செய்ததுதானே என்று கண்ணாடி ஓரத்து ஸ்டிக்கரைக் காட்டியதும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கேட்காத பாலிஷையும் கோட்டிங்கையும் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். முதல் ஷோரூம் விலைக்குக் கீழே வந்தாயிற்று. அதற்குமேல் நகரவில்லை. டை தம்பி கைகளைக் கோத்துக்கொண்டு, "இதுக்குமேல என் கையில இல்ல சார்" என்றார்.

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் முறை வந்துவிட்டது.

"எனக்கு இந்த வண்டி வேணாம்" என்றாள் அக்கா.

"ஏன் மேடம்? கலர் பிடிக்கலையா?"

"கலருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. இவரு ஓட்டும்போது தூங்கிருவாரு தம்பி."

அவள் புருஷனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அடுத்த நொடியே, அடேயப்பா, புதுசா ஒரு நடிப்பு கண்டுபிடிச்சிருக்காளே என்று உள்ளுக்குள் கைதட்டினாராம். முகத்தை இன்னும் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"இதுல ஆறு ஏர்பேக் இருக்கு மேடம். எந்தப் பக்கம் இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"ஆறு பை வச்சு என்ன பண்றது? ஆளு ஒண்ணுதானே இருக்கு எனக்கு."

"லேன் விட்டு வண்டி ஒதுங்குச்சுன்னா பீப்னு சத்தம் போடும் மேடம். ஸ்டியரிங்கே ஆடும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எழுப்பிருமா?"

"எழுப்பிரும்."

"எத்தன தடவ எழுப்பும்? நானும் தெனமும் எழுப்பிட்டுத்தான் இருக்கேன். அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு மறுபடியும் தூங்குற ஆளு இவரு." சொல்லும்போதே குரல் உடைந்தது. "ராத்திரி முழுக்க ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பேன் தம்பி. தூரத்துல ஹாரன் கேட்டா அவரோடதான்னு எந்திரிப்பேன். இந்த வண்டியோட ஹாரன் சத்தம் எனக்குத் தெரியாது. இனிமே அதையும் புதுசாப் பழகணும்."

டை தம்பி எழுந்து மேனேஜர் இருந்த கண்ணாடி அறைக்குப் போனார். மேனேஜர் தலையை ஆட்டுவதும், இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும், மறுபடி தலையை ஆட்டுவதும் தெரிந்தது. திரும்பி வந்து, "மேடத்துக்காக இன்னும் பதினைஞ்சாயிரம்" என்றார்.

"வேணாம்" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஓசியில குடுத்தாலும் வேணாம்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். அவர் அசையவில்லை, தன் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டை தம்பி நெற்றியைத் துடைத்தார், மேலும் கொஞ்சம் குறைத்தார், தரை விரிப்பும் சீட் உறையும் இலவசம் என்றார். போதும் என்று தோன்றியதும் இவர் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார். "வாம்மா, தம்பி சொல்றதக் கேட்டுட்டுப் போ."

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். வாசலில் அவள் இல்லை. செருப்பு வாரைச் சரிசெய்ய அவள் நிற்கவே இல்லை.

ஓட்டமாக வெளியே வந்தார். அவள் பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, கலக்கிட்ட! அவன் ஆடிப்போயிட்டான். கண்ணுல தண்ணியெல்லாம் எப்படிம்மா வரவச்ச?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், அருகில் வந்ததும் நின்றுவிட்டார். இங்கே பார்க்க எந்தக் கடைக்காரரும் இல்லை. அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் நடிக்கலைங்க" என்றாள்.

அவர் மழையில் நனைந்துகொண்டே நின்றார். கூரைக்கு அடியில் வரவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"வீட்டுலயும் நடிக்கலையா?"

"இல்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு வேற வேல தெரியாதும்மா. நூல் இழுத்துட்டு உன் காலடியில உக்காந்திருக்கறது எனக்குப் பிடிக்காம இல்ல. பிடிக்கத்தான் செய்யுது. ஆனா வண்டியில உக்காந்தாத்தான் நான் ஒரு ஆளுன்னு எனக்குத் தோணுது."

"தெரியும். உள்ள நீங்க ஸ்டியரிங்கப் பிடிச்சதப் பாத்தேன்ல." மூக்கை உறிஞ்சினாள். "வண்டி வேணாம்னு அழல. ராத்திரிதான் வேணாம்."

"ராத்திரி ஓட்டாம தவணைய எப்படிக் கட்டறது?"

அதற்குள் டை தம்பி குடையோடு ஓடி வந்தார். "சார், மேனேஜர் இன்னும் ஒரு அஞ்சாயிரம் கொறைக்கச் சொல்லிட்டாரு."

"தம்பி, கொஞ்சம் இருப்பா. நாங்க நெசமாவே சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்."

"சரி சார், எட்டாயிரம். சத்தியமா இதுக்குமேல முடியாது."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைப் பேசுகிற இடத்தில்தான் விலை இப்படிச் சரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். தையல் கூலி பாதி, பகல் சவாரி, இப்போது இறங்கிய விலைக்கு வருகிற தவணை. தையல்காரிக்குத் துணி எவ்வளவு இழுபடும் என்று தெரியும்.

"பகல்ல ஓட்டுனா போதும்" என்றாள். "சொல்லுங்க, எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"பதினோரு மணி."

"ஏழு."

"ஏழுக்கு ஆபீஸ் சவாரியே முடியாதும்மா. பத்து."

"ஏழு."

"நீயும் கொஞ்சம் எறங்கி வரணும்ல? ஒம்போதரை."

"ஏழே கால்."

டை தம்பி குடையை யார் தலைக்குப் பிடிப்பது என்று தெரியாமல் நடுவே நின்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் வருகிற பஸ் வந்து நின்றது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் படியில் ஒரு காலை வைத்தாள்.

இத்தனை வருஷமாக அவள் எழுந்து போவதை அவர் பின்னால் இருந்துதான் பார்த்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாள் என்ற தைரியத்தோடு பார்த்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த கடைக்காரர்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று என்னிடம் சொன்னார்.

"ஒம்போது!" என்றார்.

அவள் இன்னொரு காலையும் வைத்தாள்.

"எட்டு! எட்டரை கூட இல்ல, எட்டு!"

"ஏறுறீங்களா எறங்குறீங்களாம்மா?" என்றார் பஸ் டிரைவர்.

"அவர்கிட்ட கேளுங்க" என்றாள் அக்கா.

"ஏழரைம்மா. ஏழரைக்கு வந்துர்றேன். வாம்மா, கீழ எறங்கி வா."

அக்கா இறங்கினாள்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் டை தம்பி தானாகவே, "மேடம், வேற எதாவது எக்ஸ்ட்ரா கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். பாவம், அதற்குள் பயம் வந்துவிட்டது அவருக்கு.

"உங்ககிட்ட ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க நெறையக் குடுத்துட்டீங்க. அந்தச் சட்டைய ஒருநாள் கொண்டுவந்து குடுங்க, காலரை நான் சரிபண்ணித் தர்றேன்" என்றாள் அக்கா.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஜன்னல் பக்கம் சீட் கிடைத்தது. வழக்கமாகச் சிரிக்கிற நேரம். சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இதற்குப் பிறகு நடந்ததை அக்கா மட்டும்தான் என்னிடம் சொன்னாள். அவர் இந்த இடம் வந்ததும் கதையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

"ஏழரைக்குப் பேசி முடிச்சாச்சு" என்றாள் அக்கா. "கொசுறு தரலையே நீங்க?"

"என்ன வேணும் கேளு."

"அந்த நாயைப் பத்தி நெசத்தைச் சொல்லுங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டு ஸ்டாப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாய் இல்லம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லணும்னுதான்."

"தூங்கிட்டேன். தூங்குறேன்னே தெரியல. வீட்டுக்கு வந்துட்டேன்னு நெனச்சேம்மா. நம்ம மாடிப்படி தெரிஞ்சுது. மேல மிஷின் சத்தம் கேட்டுச்சு. படியேறப் போறேன்ல, அதான் செருப்பக் கழட்டிட்டேன். செருப்பக் கழட்டி வச்சப்பதான் வண்டி மோதுச்சு." உள்ளங்கையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். "உங்கிட்ட எப்படிச் சொல்றது? உங்கிட்ட வந்து சேந்துட்டேன்னு நெனச்சுத்தான் சாகப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து சீட்டுக்குக் கீழே அவர் காலைப் பார்த்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. இறங்கும் வரைக்கும் இரண்டு மூன்று முறை அப்படிக் குனிந்து பார்த்ததாகச் சொன்னாள்.

வெள்ளை வண்டி இப்போது என் கடை வாசலில்தான் நிற்கிறது. நிறுத்துகிற இடத்துக்கு வாடகை கேட்க வேண்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கேட்டால் அக்கா "வேணாம்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார், கடைசியில் நான் இன்னொரு குழாய் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

சாயங்காலம் இருட்டியதும் மாடியில் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் வண்டியை நிறுத்திக் கதவை மூடுவார், "என்ன ஓனரே" என்பார், படிக்குக் கீழே அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று செருப்பைக் கழற்றி ஜோடியாக வைப்பார். மேலே மிஷின் சத்தம் நின்றுவிடும்.